ஏகாம்பரத்தைத் திட்ட ஆளில்லை

பட்டினப்பாக்கம்,
4 ஆகஸ்ட் 2025

அன்பு மச்சான் துரைராஜுக்கு,

உன் அக்கா தேவானையைக் கட்டியவனும், இங்கிருந்து நொச்சிக்குப்பம் வரைக்கும் உள்ள அத்தனை மீன் கடைக்கும் ஐஸ் போடுகிறவனுமான டில்லிபாபு எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அக்கா போனில் கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரை என்ன செய்வாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான். அன்றைக்கே என் கையெழுத்தைப் பார்த்த வாத்தியார், இனிமேல் உனக்குச் சொல்லித்தர எங்களிடம் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நான் செய்த குற்றம் என்ன? போன மாதம் மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தில் உனக்கும் வஞ்சிரம் ஜான்சனுக்கும் ரெஸ்லிங். நான் குப்பத்து ஜனத்தைத் திரட்டி வந்தேன். ஆயிரம் பேருக்குக் குறையாது. பேண்டு செட்டு வைத்தேன். உன் படத்தைப் பேனராக அடித்து வாசலில் கட்டி அதற்குப் பால் ஊற்றினேன். அந்த வட்டாரத்துப் பால் பூத்தெல்லாம் காலி. நாங்கள் அடித்த விசிலில் தெப்பக்குளத்து மீனெல்லாம் மேலே வந்து எட்டிப் பார்த்ததாகப் பூக்காரி சொன்னாள். எந்த மச்சானுக்கு எந்த மாமன் இப்படிச் செய்வான்?

மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷாஹுல் ஹமீது பாய் ரெஸ்லிங் கம்பெனியில் இருபது வருஷமாக நீதான் வில்லன். போஸ்டரில் ஹீரோவுக்கு ஆளுயரப் படம். உனக்கு மூலையில் தபால்தலை அளவு. அந்த ஹீரோக்களில் ஒருத்தன் பேராவது இன்றைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் நீ விழுந்ததால் நின்றவர்கள். உடம்பைக் காட்டி ஜெயிக்க எவனாலும் முடியும். நீ வெள்ளை வேட்டி, பனியன், இடுப்பில் சாவிக் கொத்தோடு ஹவுஸ் ஓனர் ஏகாம்பரமாக நடந்து வருவாயே, அது எவனுக்கு வரும்? ஓட மாட்டாய், குதிக்க மாட்டாய். குடித்தனக்காரன் செருப்பு மாடிப்படியில் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுகிற மாதிரி வருவாய். அப்போதே முன்வரிசைப் பெண்கள் பல்லைக் கடிப்பார்கள். கோதாவில் ஏறியதும் மூலைக் கம்பத்தைத் தடவிப் பார்த்து, "செவுத்துல யாரு ஆணி அடிச்சது?" என்று மெதுவாக ஒரு கேள்வி. மண்டபமே எழுந்து நிற்கும். கடைசியில் எதிராளியைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி "காலி பண்ணு" என்பாய். சைதாப்பேட்டையில் ஒரு அம்மா கத்திரிக்காயைக் கூடையோடு வீசினாள். தி.நகரில் நிஜமான ஹவுஸ் ஓனர் ஒருத்தர் எழுந்து வந்து, சரியாகக் கேட்டீர்கள் சார் என்று உனக்குக் கை கொடுத்தார். ஜனம் அவரைப் பிய்த்துப் போட வந்தது. நான்தான் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டேன்.

இப்படிப்பட்ட கலைஞன் கழுத்தில் இதுவரைக்கும் ஒருத்தனும் ஒரு முழம் பூப் போட்டதில்லை. நான் போட்டேன். அதற்கா கோபம்?

கோபமே இல்லாத உன் மாமன்,
டில்லிபாபு

•

பெரும்பாக்கம்,
12 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆயிரம் பேர் இல்லை. அந்த மண்டபத்தில் நாற்காலியே இருநூறுதான். நீங்கள் கூட்டி வந்தது ஒரு வேன். கெடுக்க அது போதுமாக இருந்தது.

சாவிக் கொத்தை ஆட்டினேன், கை தட்டினார்கள். ஆணி யார் அடித்தது என்று கேட்டேன், "தலைவா" என்றார்கள். அந்த நேரத்தில் ஜான்சன் வந்தான். நொச்சிக்குப்பத்துப் பிள்ளை, நீங்கள் தினமும் ஐஸ் போடுகிற கங்கம்மாவின் தங்கை மகன். அவனைப் பார்த்து உங்கள் வேன் முழுக்க ஊளையிட்டது. அவனுக்கு அது முதல் பெரிய மேடை. முகம் வெளுத்துவிட்டது. கோதாவில் ஒருத்தன் உடம்பு இன்னொருத்தன் கையில் இருக்கிறது மாமா. அடிக்கிற மாதிரி பிடிப்போம், தள்ளுகிற மாதிரி தாங்குவோம். கம்பத்தின் மேலிருந்து குதித்தவன் கால் தடுமாறித் தலைகீழாக வந்தான். கழுத்து முறியாமல் இருக்க நான் குறுக்கே போய் வாங்கினேன். என் வலது தோள் கழன்றது. அதற்கும் நீங்கள் கை தட்டினீர்கள்.

தோள் சேர்ந்த பிறகு வேண்டுமானால் ஒரு தடவை, அதோடு விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வில்லனுக்கு மாலை போடக்கூடாது. திட்டுதான் எனக்கு மாலை. பகல் முழுக்க நான் தி.நகரில் துணிக்கடை வாசலில் செக்யூரிட்டி. கதவைத் திறந்து சல்யூட் வைக்கிறேன். உள்ளே போகிறவர்கள் கதவைப் பார்க்கிற அளவுக்குக்கூட என்னைப் பார்ப்பதில்லை. கோதாவில் நிற்கும்போதுதான் அத்தனை கண்ணும் என்மேல் இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தோரம் எங்கள் வீட்டை இடித்து எங்களை இந்தப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, திட்டலாம் என்று பார்த்தால் ஒரு மூஞ்சியும் கிடைக்கவில்லை. உத்தரவு போட்டவர் வரவில்லை, வந்தவர் உத்தரவு போடவில்லை. ஏகாம்பரம் அப்படி இல்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, திட்டிக்கொள் என்று மூஞ்சியைக் கொடுக்கிறவன்.

அக்டோபரில் பட்டினப்பாக்கம் மணல் திடலில் என் கடைசி சண்டை. எதிரே ஜான்சன். ஜனம் என்னை மனசார வெறுத்தால்தான் என்னை ஜெயிக்கிறவன் ஹீரோ. என்மேல் பாசம் இருந்தால், என்னை அடித்த பாவத்தை அவன் காலம் முழுக்கச் சுமப்பான். நான் வெறுப்போடுதான் போக வேண்டும். அன்றைக்கு நீங்கள் வர வேண்டாம்.

துரைராஜ்

•

பட்டினப்பாக்கம்,
21 ஆகஸ்ட் 2025

மச்சான் துரைக்கு,

தோள் விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் ஐஸ் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது, ஒரு டன் ஐஸ் தண்ணீராக ஓடியிருந்தது. ஒரு டன் இல்லாவிட்டாலும் ஒரு கட்டி.

வராதே என்கிறாய். நான் வருவேன். நான் ஏற்றி வைத்த பாசத்தை நான்தான் இறக்க வேண்டும். இந்த டில்லிபாபு ஒன்று நினைத்தால் கடலே இரண்டடி தள்ளி நிற்கும்.

வேலையை ஆரம்பித்தும் விட்டேன். ஒவ்வொரு கடையிலும் ஐஸ் கொட்டும்போது உன்னைப் பற்றி ஒரு கெட்ட சேதி. பெரும்பாக்கத்தில் நீ மாடிக் குழாயை மூடி வைத்துப் பிள்ளைத்தாச்சியை அழவிட்டதாக முத்துமாரியிடம் சொன்னேன். ஐயோ பாவம், யார் செய்ததை அந்த மனுஷன் தலையில் போடுகிறார்களோ என்றாள். தெருநாயைக் கல்லால் அடித்தாய் என்று சுப்பராயனிடம் சொன்னேன். அந்த நாய் அவரைக் கடித்ததா, ஊசி போட்டாரா என்று பதறுகிறான். கங்கம்மா மட்டும்தான் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "யோவ் டில்லி, போன மாசம் சாமின்னு பால் ஊத்தினே, இப்ப பேய்ன்னு சொல்லிக்கினு திரியறே. நீ சொன்னதுல எதை நாங்க நம்பிகீறோம், இதை நம்ப? ஐஸைக் கொட்டிட்டு கெளம்பு" என்றாள்.

நான் பால் ஊற்றியதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பி, அது ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அடையாறில் இருந்தெல்லாம் உன்னைப் பார்க்க டிக்கெட் கேட்கிறார்களாம். செல்ல வில்லனாம் நீ. என் பெருமையே எனக்கு எதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் விட மாட்டேன்.

டில்லிபாபு

•

பெரும்பாக்கம்,
30 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

போதும், நிறுத்திவிடுங்கள்.

கடை வாசலில் என்னோடு நின்று படம் எடுக்க வரிசை. மேனேஜர் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். நேற்று ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டி, "ஏகாம்பரம் சார், கொளந்தைய ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் குழந்தைகள் அழும்.

பாயும் மாறிவிட்டார். கடைசியில் ஜான்சனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடு, ஜனம் உருகும், இரண்டு பேரும் நல்லவர்களாகவே முடித்துவிடலாம் என்கிறார். முடியாது என்று சொன்னேன். நல்லவனாகப் போவதற்கு எனக்கு இத்தனை வருஷம் தேவையில்லை. ஜான்சன் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று பாயே சொல்கிறார். எல்லாரும் நேசிக்கிற மனுஷனை எப்படி அண்ணே அடிப்பேன் என்று என்னிடம் கேட்கிறான்.

உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை. ஏகாம்பரம் செத்துவிட்டான். அதைத்தான் எழுதுகிறேன்.

துரைராஜ்

•

பட்டினப்பாக்கம்,
6 செப்டம்பர் 2025

மச்சான்,

ஏகாம்பரம் சாகவில்லை. நான் இருக்கும்வரை சாக விட மாட்டேன். வழி கண்டுபிடித்துவிட்டேன். கட்டுமரத்தில் ஏறி நடுக்கடலுக்குப் போய் யோசித்தேன். உன் அக்கா அது கரைமேல் கிடந்த கட்டுமரம் என்பாள், நம்பாதே.

கெட்ட சேதி சொல்லி வெறுப்பை உண்டாக்க முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். ஜனத்துக்குப் பிடித்த ஒருத்தனை, ஜனத்துக்கு முன்னாலேயே நீ நோகடிக்க வேண்டும். பட்டினப்பாக்கத்தில் எல்லாருக்கும் பிடித்தவன் யார்? அடக்கமாகவே சொல்கிறேன், நான்தான். கங்கம்மா திட்டுவாள்தான். ஆனால் போன வருஷம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது நண்டு ரசம் வைத்து எடுத்து வந்தது யார்? என்னைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வெளியாள் என்மேல் கை வைத்தால் தெரியும் சேதி.

திட்டம் இதுதான். சண்டைக்கு முன்னால் நான் கோதாவில் ஏறி உனக்கு மாலையும் பொன்னாடையும் போடுவேன். பாயிடம் பேசியாகிவிட்டது, அவர் உருகிப்போய் சரி என்றார். நீ மாலையைப் பிய்த்து என் மூஞ்சியில் எறி. பொன்னாடையில் செருப்பைத் துடை. மீசையை மட்டும் தொடாதே. வேட்டியை இழுக்காதே. மற்றபடி என் மானம் உன் கையில்.

தேவானைக்குச் சொல்லவில்லை. அவள் மனசில் இருப்பது முகத்தில் வந்துவிடும்.

டில்லிபாபு

•

பெரும்பாக்கம்,
15 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

வேண்டாம் என்று எழுதி மூன்று தாள் கிழித்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மாலையைப் பிய்த்தால் சிரிப்பார்கள். பொன்னாடையில் செருப்பைத் துடைத்தால் இன்னும் சிரிப்பார்கள். உங்களுக்கு நிஜமாகவே வலிக்க வேண்டும், அது கடைசி வரிசை வரைக்கும் தெரிய வேண்டும். நான் என்ன செய்வேன் என்று முன்னால் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் நடிப்பீர்கள். உங்கள் நடிப்பை அந்தக் கோதா தாங்காது.

உங்கள் உடம்பைத் தொட மாட்டேன். மீசை பத்திரம். இருந்தாலும் பிறகு உங்களால் என்னை மன்னிக்க முடியாமல் போகலாம். யோசித்துச் சொல்லுங்கள். ஒரு வரி போதும், உங்களால் ஒரு வரியில் எழுத முடியுமானால்.

துரைராஜ்

•

பட்டினப்பாக்கம்,
20 செப்டம்பர் 2025

சம்மதம்.

டில்லிபாபு

•

பெரும்பாக்கம்,
16 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சண்டை முடிந்ததில் இருந்து உங்களைக் கூப்பிடுகிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன். நீங்கள்தான் எடுப்பதில்லை.

பட்டுச் சட்டையும் மாலையுமாக நீங்கள் ஏறி வந்தபோது திடலே கை தட்டியது. "என் மச்சான்" என்று மைக்கில் ஆரம்பித்தீர்கள். இருபது வருஷமாக அந்தக் கடற்கரையில் நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் நிமிர்ந்து நடந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை எடுத்தேன். உங்களை மேலும் கீழும் பார்த்து, "யாருய்யா நீ? எனக்கு உன்னைத் தெரியாதே. எந்தப் போர்ஷன்?" என்று கேட்டேன்.

நீங்கள் மாலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் நாலடி தள்ளி நின்றேன், அதற்குமேல் கிட்டே நின்றிருந்தால் உங்கள் காலைப் பிடித்திருப்பேன். சாவிக் கொத்தை ஆட்டி, "வெளியாளுங்கள்லாம் எறங்குங்க" என்றேன். பிறகு ஒரு செருப்பு வந்து என் காதில் பட்டது. அக்காவுடையது. அதற்குப் பின்னால் வந்த சத்தத்தை நான் என் பிறவியில் கேட்டதில்லை. கங்கம்மா மணலை அள்ளி வீசிக்கொண்டே வந்தார். ஜான்சனைப் பிடித்து இழுத்துக் காதில், இப்போது அடி என்றேன். அவன் தயங்காமல் அடித்தான். என்னைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி அவன் "காலி பண்ணு" என்றபோது திடல் முழுக்க அவனோடு சேர்ந்து சொன்னது. நான் மணலில் மல்லாந்து கிடந்து கேட்டேன். தோளுக்கு ஒன்றுமில்லை.

அக்காவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம். ஏகாம்பரம் நல்லவன் என்று தெரிந்துவிட்டால் ஜான்சன் ஜெயித்தது பொய்யாகிவிடும். வாயை மூடிக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உங்கள் மச்சான்,
துரைராஜ்

•

பட்டினப்பாக்கம்,
24 அக்டோபர் 2025

என் அருமை மச்சானுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஆனதே கிடையாது. திட்டம் என்று தெரியும், ஏதோ செய்யப் போகிறாய் என்று தெரியும். இருந்தும் நீ யாருய்யா என்று கேட்டதும், நான் யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஐஸ்காரன், அதற்குமேல் என்ன? மாலையைக் கோதாவிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். முத்துமாரி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சுப்பராயன் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்தான். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. நான் அழுதேன் துரை. நடிக்கவில்லை. நடித்திருந்தால் இன்னும் நன்றாகவே அழுதிருப்பேன், அது வேறு விஷயம்.

தேவானையிடம் நேற்றுச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் வீசின செருப்பு?" என்றாள். அதுதான் சண்டையையே தூக்கி நிறுத்தியது என்றேன். அடுக்களைக்குப் போய் வெகுநேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலையில் மீன் கடைப் பக்கம் போனவள், யாரோ உன்னைப் பற்றி விசாரித்ததற்கு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "அந்தப் பேரை என்கிட்ட எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்துவிட்டாளாம். இவளை இத்தனை வருஷம் சாதாரணமாக நினைத்துவிட்டேன்.

ஜான்சன் தெருவில் நடந்தால் ஆட்டோ நிற்கிறது. கங்கம்மா கடையில் அவன் படம் மாட்டியாகிவிட்டது. எனக்கும் தேவானைக்கும் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே பெரிய வில்லன் தன் கடைசி வெறுப்பை என்னை வைத்துத்தான் வாங்கினான். இதுவரைக்கும் நான் அளந்ததெல்லாம் ஒரு பக்கம், நடந்த இது ஒரு பக்கம். இதைத்தான் சொல்ல முடியவில்லை. தொண்டையில் வந்து நிற்கிறது, விழுங்கிவிடுகிறேன். நீ கேட்டாய் அல்லவா, முடியுமா என்று? முடிகிறது.

இன்று காலையில் கங்கம்மா என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் யாருக்கும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. உன்னைத் திட்ட ஆரம்பித்தாள். உன் வம்சத்தில் தொடங்கி, உன் சாவிக் கொத்து, உன் நடை, உன் பனியன் என்று ஒன்று விடாமல் திட்டினாள். கடைக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு வார்த்தை. இருபது வருஷமாக நீ உழைத்து வாங்கிய சொத்தை என் கண் முன்னால் கொண்டுவந்து குவித்த மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், தபாலில் போகக்கூடாத வார்த்தைகள். நான் முடித்தபோது கங்கம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாராளமாகச் சொல்வேன் மச்சான், நொச்சிக்குப்பம் முதல் பெரும்பாக்கம் வரைக்கும் உன்னை என்னளவுக்குத் திட்ட ஒருத்தன் பிறக்கவில்லை.

உன் மாமன்,
டில்லிபாபு